தண்ணீர் வராத பதினொரு நாள்

பாடாங் செராய் சந்தைக்குப் பின்னால்
ஆ ஹொக்கின் நாற்றுக்கடை.
பதினெட்டு வெள்ளி சொன்னான்,
பதினைந்துக்கு இறங்கினான்.
காகிதப்பூச் செடி, கருநீலத் தொட்டியோடு.
தொட்டிக்குத் தனிக்காசு இல்லையா என்றேன்.
சிரித்தான்.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வாங்கும்போது உடம்பெல்லாம் பூ.
மோட்டார் கூடையில் வைத்து
செம்பனை லோரிகளுக்கு நடுவே கொண்டுவந்தேன்.
சிவப்பு விளக்கில் ஒரு டிரைவர் ஹார்ன் அடித்தார்,
எனக்கா செடிக்கா தெரியவில்லை.

ஒரே வாரம். எல்லாம் உதிர்ந்தது.

நான் என்ன குறை வைத்தேன்?
இரவு வேலை முடிந்து
கையுறைத் தொழிற்சாலை பஸ்
தாமான் முனையில் இறக்கிவிடும் ஏழு மணிக்கு
முகம் கழுவுமுன் அதற்குத் தண்ணீர்.
சாயங்காலம் கிளம்புமுன் இன்னொரு வாளி.
அரிசி கழுவினது, மீன் கழுவினது,
வாழைப்பழத் தோல்.
பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படி
வேளாவேளைக்குச் செய்ததில்லை.
சர்வேஷே ஒருமுறை சொல்லிக்காட்டினான்.

வளர்ந்தது.
வேலிக்கம்பியைத் தாண்டி
மீட்டர் பெட்டியை மூடி
மீட்டர் பார்க்க வந்தவன் கையைக் கீறி
இலை, இலை, இலை, முள்.
கீரையா போட்டிருக்கிறாய் என்றாள்
பக்கத்து வீட்டு காக் ரொஸ்னா.

பிப்ரவரியில் குழாய்
இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.
ஆற்றில் மட்டம் இறங்கிவிட்டதாம்.
இல்லை, பம்ப் பழுதாம்.
பதினொரு நாள், நாளுக்கொரு காரணம் வந்தது,
தண்ணீர் வரவில்லை.
லோரிச் சத்தம் கேட்டால் தோங்கோடு ஓடினோம்.

சோற்றுக்கு இரண்டு ஜக்கு.
பள்ளிச் சட்டைக்கு அரை வாளி.
ஆளுக்கு ஏழு குவளை குளியல்,
குளித்தது கழிவறைக்கு.
செடிக்கு என்று எழுத
தாளில் இடமிருந்தது, தோங்கில் இல்லை.

கடன் கொடுத்தவர் வீட்டைக் கடப்பதுபோல்
அதன் பக்கம் பார்க்காமலே கேட்டைச் சாத்தினேன்.
இலைகள் சுருண்டன, பழுத்தன, பாதி கொட்டின.
பெருக்கக்கூட இல்லை.

பதினாறாம் நாளோ பதினேழோ,
தண்ணீர் திரும்பி
நான் துணி அலசிக்கொண்டிருந்த காலையில்
கிளை நுனியெல்லாம் வேர்க்குருபோல்
சிவப்பாய் ஏதோ.
அடுத்த வாரம்
இலையைத் தேடவேண்டியதாயிற்று.

ஆ ஹொக்கிடம் போனேன்.
"நீ தண்ணி ரொம்ப ஊத்தறே.
தாகம் எடுத்தாதான் அது பூ போடும்.
இலை தளர்ந்தா ஊத்து. முன்ன ஊத்தாதே."
விற்கும்போதே சொல்லியிருக்கலாமே?
"நீ தொட்டிக் காசுதானே கேட்டே."

தொழிற்சாலையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
சூப்பர்வைசர் கனகராயன்
ஷிஃப்ட் தொடங்குமுன் கூட்டத்தில் எடுத்துக்கொண்டார்:
"காய்ந்தால்தான் பூக்கும். செடிக்கே தெரிகிறது."
அந்த மாதம் ஓட்டி வெட்டியிருந்தார்கள்.
எல்லாரும் கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்,
கையுறையைக் கழற்றாமல்.

ஐயா, செடி பூத்தது அதன் சாமர்த்தியம்.
பார்க்காமல் போனவள் நான்.
அதில் எனக்கென்ன பெருமை,
உங்களுக்கென்ன பாடம்?
என்று கேட்கவில்லை.
வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம்.

இப்போது நான்கு நாளைக்கு ஒரு தரம்,
இலையை விரலால் தூக்கிப் பார்த்து.
நேற்றுதான் கண்ணில் பட்டது:
நாம் பூ என்பது பூவே இல்லை,
நிறம் ஏறிய இலை.
மூன்று இலைக்கு நடுவே
அரிசி அளவில் வெள்ளையாய் ஒன்று,
அதுதான் பூவாம்.
சர்வேஷ் போனில் தேடிச் சொன்னான்.

தலையில் வைக்க ஆகாது.
சாமிக்கும் யாரும் பறிப்பதில்லை.
காலையில் தோள்பையை இறக்காமல்
அதைத் தேடிக் குனிகிறேன்.
முள் தன் வேலையைச் செய்கிறது.